இலையிலே புள்ளி... மனசிலே கிலி!

ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் அடித்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? எடுத்தேன். எதிர்முனையில் நண்பன். குரலில் நடுக்கம்.

"மச்சான், பூராவும் புள்ளி புள்ளியா வந்திருக்குடா. நடுவுல பழுப்பு, சுத்தி மஞ்சளா ஒரு வளையம். நாளுக்கு நாள் பரவுது. எனக்குப் பயமா இருக்கு!"

தூக்கம் போயே போச்சு. "டேய்... காய்ச்சல் இருக்கா? உடனே டாக்டரைப் பாருடா!"

"டாக்டரா? எனக்கு இல்லடா. செடிக்கு!"

போனைச் சுவரில் எறிந்திருப்பேன். இன்னும் மூன்று மாதத் தவணை பாக்கி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

நானும் அவனும் பி.காம். ஒரே பெஞ்சு. தாவரவியலோடு எங்களுக்கு இருந்த ஒரே உறவு, பாட்டனி டிபார்ட்மென்ட் வழியாகப் போனால் கேன்டீனுக்குச் சீக்கிரம் போகலாம் என்பதுதான். அவன் பரீட்சை எழுதி வங்கியில் சேர்ந்தான். நான் பேனாவை நம்பிக் கெட்டேன். என்றைக்கோ ஒரு நாள் மாடித் தோட்டம் பற்றி நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, என்னை ஒரு செடி வைத்தியன் என்றே அவன் நம்பிவிட்டான். அந்தக் கட்டுரையை எழுதியபோது என் வீட்டில் ஒரு துளசிகூடக் கிடையாது என்பது நமக்குள் இருக்கட்டும்!

மறுநாளே பஸ் ஏறினேன். அவனுக்கு மாற்றலாகியிருந்த ஊர் வெள்ளிமலை.

மலை மேலே ஒரு பிராஞ்ச்

கள்ளக்குறிச்சியில் இறங்கி, கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே மலையேற வேண்டும். வளைவுக்கு வளைவு காது அடைக்கும். கரியாலூர் தாண்டும்போது ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. இப்போது 2019-ல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன்மலை தாலுகாவின் தலைநகரம் வெள்ளிமலை. மரவள்ளி, சாமை, கடுக்காய், பலா என்று மண் எதையும் மறுப்பதில்லை.

இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். மாற்றல் ஆர்டரோடு இந்தத் தகவலும் கிடைத்ததும் என் நண்பன் பத்தே நாளில் மலையாளம் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு போனான். மலையில் இருப்பவர்கள் என்பதால் மலையாளி, பேசுவது தமிழ். அந்தப் புத்தகம் இப்போது அவன் கட்டிலின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அவன் குடியிருப்பது ஓர் ஆயாவின் வீட்டில். ஆயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். பின்கட்டில் ஆயா, முன்கட்டில் இவன். வாடகையைவிட அவன் தினமும் சாப்பிடும் களியும் குழம்பும் அதிகம் பெறும். அதற்கு ஆயா கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்கு முன்னால் வரிசையாக இட்லிப்பூச் செடி. இக்ஸோரா என்பார்களே, நம் ஆபீஸ் வாசல்களில், கல்யாண மண்டபங்களில், பெட்ரோல் பங்குகளில் எல்லாம் சிவப்புக் கொத்தாகப் பூத்திருக்குமே, அதேதான். வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கும் ஜாதி. ஆயாவின் வீட்டுக்காரர் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது, அங்கிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்த செடிகளாம். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதிலே முதலில் பூக்கும் கொத்து இன்றைக்கும் அவர் படத்துக்குத்தான்.

அந்தச் செடிகளில்தான் புள்ளி.

"கண்ணு, நீ வந்து ஊத்த ஆரம்பிச்சப்புறம்தான் இப்படி ஆச்சு" என்று ஆயா ஒரே ஒரு தடவை சொன்னாராம். கோபமாகக்கூட இல்லை. அதுதான் அவனை ராத்திரி பதினொன்றரைக்கு எழுப்பிவிட்டது.

எண்ணூறு ரூபாய் வைத்தியம்

நான் போவதற்குள் அவன் சும்மா இருக்கவில்லை. மலையிறங்கி ஒரு கடையில் போய், "செடியில புள்ளி" என்று சொல்லியிருக்கிறான். கடைக்காரர் செடி எதுவென்று கேட்கவில்லை, இலையைப் பார்க்கவில்லை. மூன்று பாக்கெட்டைத் தூக்கி வைத்தார். மொத்தம் எண்ணூற்றுச் சொச்சம். ஒன்று பூச்சி மருந்து, ஒன்று யூரியா, இன்னொன்று 'டானிக்'காம். மூன்றையும் ஒன்றாகக் கலந்து, உச்சி வெயிலில் அடித்தான் நம்ம ஆள். மறுநாள் இலை ஓரமெல்லாம் கருகிப் போயிற்று.

வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் பாஸ் பண்ணாதவன், செடி விஷயத்தில் மட்டும் ஆடிட் இல்லாமலே செலவு எழுதிவிட்டான்!

எனக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால், எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். வேளாண்மைக் கல்லூரியில் பயிர் நோயியல் படித்து ரிடையர் ஆனவர். போட்டோ அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் போன் வந்தது.

"ஏண்டா, தலைவலின்னு வர்றவனுக்கெல்லாம் ஒரே மாத்திரையா குடுப்பாங்க? புள்ளிங்கறது நோய் இல்லடா, நோயோட கையெழுத்து. கையெழுத்தைச் சரிபாக்காம எப்படிப்பா செக்கைப் பாஸ் பண்ணுவான் உன் ஃப்ரெண்டு?"

அடுத்த அரை மணி நேரம் அவர் நடத்திய பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும் குரோட்டன்ஸுக்கு ஆகும்.

கையெழுத்துப் பார்ப்பது எப்படி?

முதலில் விரலால் துடைத்துப் பாருங்கள். கறுப்பாகக் கையோடு வந்துவிட்டால் அது இலைப்புள்ளியே இல்லை. கரும்பூசணம். இலைக்கு அடியில் மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ உட்கார்ந்து சாறு குடித்துவிட்டு, சர்க்கரைத் தண்ணியாகக் கழிக்கும். அதன்மேல் படரும் கரி இது. பூச்சியை விரட்டினால் கரி தானாகப் போகும்.

துடைத்தும் போகவில்லையா? இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். புள்ளி நரம்புக்கு நரம்பு அணை கட்டியதுபோல் மூலை மூலையாக, எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஈரமாகத் தெரிந்தால் பாக்டீரியாவைச் சந்தேகப்படலாம். வட்டமாக, நடுவில் காய்ந்த பழுப்பும் சுற்றி மஞ்சள் வளையமுமாக இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. அந்தக் காய்ந்த நடுப்பகுதியை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் மிளகுத்தூள் தூவினமாதிரி கருப்புக் குத்துகள் தெரியலாம். அவைதான் பூஞ்சையின் விதைப்பெட்டிகள். புள்ளிக்குள் வளையத்துக்குள் வளையமாகக் குறிபார்த்துச் சுடும் பலகை போல் இருந்தால் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சையாக இருக்கலாம்.

துருப்பிடித்த ஆரஞ்சு நிறத்தில், வெல்வெட் துணி ஒட்டியதுபோல் இலைக்கு மேலே தடிப்பாக இருந்தால் அது பூஞ்சையும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. பாசி! ஆமாம், குளத்தில் இருக்கும் பாசியின் சொந்தக்காரன் ஒருவன் இலைமேலே குடித்தனம் வைக்கிறான். மா, கொய்யா, தேயிலை என்று தடித்த பச்சை இலை எதையும் விடுவதில்லை. ஈரமும் நிழலும் அவனுக்குச் சம்பளம், போனஸ் எல்லாம்.

இனி, நோயே இல்லாத புள்ளிகள். இதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறோம். இட்லிப்பூச் செடியில் அடியில் இருக்கும் கிழட்டு இலைகளில் மட்டும் செம்பழுப்புப் புள்ளிகள் வந்து, புது இலை சுத்தமாக இருந்தால், அது சாம்பல் சத்துக் குறைவாக இருக்கலாம். அதற்கு எந்த மருந்து அடித்தாலும் தண்டம். புது இலை மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் கோளாறு. சிமென்ட் சுவர் ஓரமாக வைத்த செடிகளில் இது சர்வசாதாரணம். சுண்ணாம்பு இறங்கி மண்ணைக் கெடுத்திருக்கும். வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துக் காய்ந்து, அதற்குமேல் பரவாமல் நின்றால் வெறும் வெயில் சூடு.

"பரவுதா, நிக்குதா? எந்தப் பக்கம் இருக்கு? கிழட்டு இலையா, குருத்தா? இந்த மூணையும் கேக்காம மருந்து வாங்கறவன், நோய்க்கு இல்லடா, கடைக்காரருக்கு வைத்தியம் பாக்கறான்" என்றார் சித்தப்பா.

டிபன் பாக்ஸ் சோதனை

சந்தேகம் தீர இன்னொரு வழியும் சொன்னார். ஈரமான காகிதத்தை ஒரு டப்பாவில் விரித்து, புள்ளி விழுந்த இலையை அதன்மேல் வைத்து மூடி, இரண்டு மூன்று நாள் நிழலில் வைக்க வேண்டும். பூஞ்சையாக இருந்தால் புள்ளிமேல் சன்னமான இழைகளோ, பொடி போன்ற வித்துகளோ எழும்பி வரும். செத்த இலையில் வேறு பூஞ்சையும் முளைக்கும் என்பதால் இதுவே கடைசித் தீர்ப்பு இல்லை. ஆனால், நல்ல துப்பு.

வீட்டில் இருந்த ஒரே மூடி போட்ட டப்பா, நண்பனின் மதியச் சாப்பாட்டு டப்பா. அதிலே வைத்தோம். மூன்றாம் நாள் அவசரத்தில் அதையே பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விட்டான். மதியம் ஒன்றரைக்கு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கேஷியர் உரிமையோடு இவன் டப்பாவைத் திறந்து... வேண்டாம். அன்றிலிருந்து அவன் டப்பாவை யாரும் தொடுவதில்லை என்பது அவனுக்கு ஒரு லாபம்.

பூஞ்சைதான் என்பது கிட்டத்தட்ட உறுதி. ஆனால், ஏன் வந்தது?

பதில் ஆயாவிடம் இருந்தது. என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் தாழ்வாரத்து மூலையில் நின்ற கடைசிச் செடியைக் காட்டினார். பளபளவென்று பச்சை. ஒரு புள்ளி கிடையாது!

"இது மட்டும் ஏன் ஆயா நல்லா இருக்கு?"

"அது ஏஞ் செடி சாமி. காலையில முகம் கழுவிட்டு ஒரு சொம்புத் தண்ணி வேருல ஊத்துவேன். தம்பி அடிக்கற பைப்புத் தண்ணி அவ்வளோ தூரம் வராது."

எனக்குப் பொறி தட்டியது. நண்பன் ஆபீஸ் விட்டு வருவது மாலை ஆறரைக்கு. வந்ததும் ஹோஸ் பைப்பை எடுத்து, நெருப்பணைப்பவன் மாதிரி செடிகளின் தலையில் பீய்ச்சி அடிப்பான். 'குளிப்பாட்டுகிறானாம்!' அப்புறம் ராத்திரி முழுக்கப் பனி. காலை ஒன்பது மணி வரை இலை காயாது. ஒரு நாளில் பதினாலு மணி நேரம் இலை ஈரம். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? அதன் வித்து காற்றில் வந்து இலைமேல் உட்கார்ந்தாலும், சில மணி நேரம் ஈரம் இல்லாவிட்டால் முளைத்து உள்ளே நுழைய முடியாது. அந்த ஈரத்தைத் தினமும் தவறாமல் சப்ளை செய்தவன் என் நண்பன். போதாததற்கு, அவன் அடிக்கும் தண்ணீர் கீழே கிடக்கும் நோயுற்ற சருகில் பட்டுத் தெறித்து, வித்தைத் திரும்ப மேலே ஏற்றியது.

இலையுதிர்க்கும் மரம் வருஷத்துக்கு ஒரு தடவை பழைய கணக்கை மூடிவிடும். என்றும் பசுமையாக நிற்கும் செடிக்கு அந்த வசதி கிடையாது. போன மழைக்கு விழுந்த புள்ளி, இந்த மழைக்கும் அதே கிளையில் நின்று வட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

இலங்கை போன துரு

புள்ளிதானே என்று அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? இலங்கையைக் கேளுங்கள்.

தேயிலைக்கு முன்னால் அந்த மலைகளில் காபிதான் ராஜா. தமிழ்நாட்டிலிருந்து நம் ஜனங்கள் கப்பலேறி, காடு வழியே நடந்து, காபித் தோட்டங்களில் உழைத்தார்கள். 1869-ல் இலைக்கு அடியில் ஆரஞ்சுத் தூள் பூசினமாதிரி புள்ளிகள் தெரிந்தன. அதே வருஷம் இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பாதிரியார், பூஞ்சை ஆராய்ச்சியில் பெரிய கை, அதற்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். பின்பாதிப் பெயருக்கு 'நாசகாரி' என்று அர்த்தம். பெயர் வைத்த முகூர்த்தம், பலித்துவிட்டது! தோட்டத் துரைமார்களோ விளைச்சல் குறையக் குறைய இன்னும் காட்டை அழித்துக் காபியே நட்டார்கள்.

1880-ல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி அங்கே போய் இறங்கினார். வித்து காற்றில் பறந்து வருகிறது, ஒரு சொட்டுத் தண்ணீரில் முளைக்கிறது, இலைக்குள் நுழைந்துவிட்டால் வெளியே அடிக்கும் மருந்து அதைத் தொடாது என்பதைத் தெளிவாகக் காட்டினார். அதாவது, மருந்து திருடனைப் பிடிக்கும் போலீஸ் இல்லை. திருடன் வருவதற்கு முன்பே வாசலில் நிற்க வேண்டிய கூர்க்கா. ஆனால், காலம் கடந்துவிட்டது. அடுத்த சில வருஷங்களில் காபித் தோட்டங்கள் சரிந்தன. காபியை நம்பியிருந்த தோட்டங்கள் திவாலாயின. உழைத்தவர்கள் வேலை இழந்தார்கள். 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரா தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் போட்டுப் பார்த்த தேயிலை, அப்புறம் மலை முழுக்கப் பரவியது. இன்று நாம் சிலோன் டீ என்று குடிப்பதற்கு ஒரு காரணம், காபி இலையில் விழுந்த புள்ளி!

இந்தக் கதையை ஆயாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எங்கூட்டுக்காரரும் எஸ்டேட்டுல நீலத் தண்ணி அடிப்பாரு சாமி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி. மழை வர்றதுக்கு முந்தி அடிக்கணும், வந்தப்புறம் அடிச்சா துட்டுக்குத்தான் கேடும்பாரு."

மார்ஷல் வார்ட் கண்டுபிடித்ததை, படிக்காத ஒருவர் எஸ்டேட்டில் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த நீலத் தண்ணிக்குப் பெயர் போர்டோ கலவை. அது பிறந்த கதையும் தமாஷ்தான். பிரான்ஸில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்றுவிடுகிறார்கள் என்று, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து இலையில் தெளித்து வைத்தார்களாம். பார்த்தால் விஷம்போல் தெரியுமே! 1882-ல் அந்த வழியே போன மில்லார்டெ என்ற பேராசிரியர், உள்ளே இருக்கும் கொடிகள் எல்லாம் நோயில் கருக, சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்தார். 1885-ல் முறையை வெளியிட்டார். திருடனுக்கு வைத்த மருந்து, நோய்க்கு மருந்தானது.

நாங்கள் செய்த வைத்தியம்

சித்தப்பா சொன்ன வரிசைப்படியே செய்தோம். மருந்து இதில் கடைசி என்பதைக் கவனியுங்கள்.

முதல் நாள், செடிக்கு அடியில் கிடந்த சருகு முழுவதையும் பெருக்கி அள்ளி எரித்தோம். புள்ளி அதிகமான இலைகளைக் கிள்ளினோம், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மொட்டையடித்தால் செடி எதை வைத்துச் சமைக்கும்? நெருக்கமான கிளைகளைக் கவாத்து செய்து காற்றுக்கு வழிவிட்டோம். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டோம். இலை ஈரமாக இருக்கும்போது கை வைக்கவே இல்லை. ஹோஸ் பைப்பை ஆயா பறிமுதல் செய்துவிட்டார். இனி காலையில், வேரில், சொம்பில்.

அப்புறம் கலவை. ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் மயில்துத்தம், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பு என்பது கணக்கு. ஐந்து லிட்டருக்கு ஐம்பது ஐம்பது கிராம். தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் பாதிப் பாதித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே அதில் துத்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகவே ஆகாது. பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுத்து, செம்பு நிறம் ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.

இந்த ரசாயன வகுப்பெல்லாம் வேண்டாம் என்பவர்கள், காப்பர் ஆக்ஸிகுளோரைடை லிட்டருக்கு இரண்டரை கிராம் அல்லது மேன்கோசெப்பை இரண்டு கிராம் கலந்து பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிக்கலாம். ஏதாவது ஒன்றுதான், கூட்டணி வேண்டாம். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். மூக்கில் துணி, கையில் உறை கட்டாயம். பக்கத்தில் கறிவேப்பிலை, கீரை இருந்தால் மூடிவிடுங்கள். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அது வங்கிக் கடன் பத்திரம் இல்லை, எழுத்து கொஞ்சம் பெரிசாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டருக்குக் காசில்லாமல் போன் போடலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

"பழைய புள்ளி மறையும்னு காத்திருக்காதே" என்று சித்தப்பா எச்சரித்திருந்தார். "அது தழும்பு. புது இலை எப்படி வருதுன்னு மட்டும் பாரு."

நண்பன் தினமும் காலையில் லெட்ஜர் பார்ப்பதுபோல் குருத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் இரண்டு வாரம் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டவை புள்ளியாக வெளிப்பட்டன. இடிந்து போனான். மூன்றாவது வாரத்திலிருந்து வந்த இலைகளில் ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினான். ஆயாவின் வீட்டுக்காரர் படம். அதன்மேல் ஒரு சிவப்புக் கொத்து.

போன மாதம் அவனுக்கு மறுபடியும் மாற்றல். சாமான் கட்டும்போது, அடுத்து வருபவருக்காக ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினானாம்: 'செடிக்குக் காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றவும். இலையில் ஊற்றாதீர்.'

ஆயா அதை என்னவென்று கேட்டு, படித்துக் காட்டச் சொல்லி, கழற்றி அவன் பையிலேயே போட்டுவிட்டார்.

"இத நீயே வெச்சுக்க கண்ணு. நீ போற ஊர்லயும் செடி இருக்கும். வர்ற பிள்ளைக்கு நான் வாயால சொல்லிக்கறேன்."